கல்லூரிப் படிப்புக்குப் பண உதவி: முதலில் சீட்டைப் பாருங்கள், பிறகு உதவித்தொகையை

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி மேலே வைத்துவிடுகிறேன். இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும். வீடு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார், அம்மாவுக்கு அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில் வேலை. நீங்கள் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகிறீர்கள். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து இப்போது பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். பெங்களூரில் நர்சிங் சீட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்து பேசியிருக்கிறார். ரிசல்ட் வருவதற்கு முன்பே ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கேட்கிறார். மீதிக்கு லோன் கிடைக்குமா, உதவித்தொகை என்னென்ன உண்டு என்று கேட்டிருக்கிறீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். நாகர்கோவிலில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்பது பெரும்பாலும் விண்ணப்பம் போடுகிற நாளில் தீர்மானமாவதில்லை. எந்தக் கல்லூரியில், எந்த வழியில் சீட்டு எடுத்தோம் என்பதிலேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. கவுன்சிலிங் வழியாகப் போன பிள்ளைக்கும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் போன பிள்ளைக்கும் குடும்ப வருமானம் ஒன்றாக இருக்கலாம், மார்க்கும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஒருத்திக்கு ஃபீஸே கிடையாது, இன்னொருத்தி கடனோடு வெளியே வருவாள். நம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91.75 சதவீதம். பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஆசையைத்தான் ஏஜென்ட்டுகள் ஏப்ரல், மே மாதங்களில் வீடு வீடாகத் தேடி வருகிறார்கள்.

உங்கள் தங்கையின் கையில் இப்போதே இருக்கிற பெரிய சொத்து, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த அந்தச் சான்று. அதை வைத்து இரண்டு காரியம் நடக்கும்.

ஒன்று புதுமைப்பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த பழைய திருமண உதவித் திட்டத்தைத்தான் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கே வரும். வருமான வரம்பு இல்லை, சாதி இல்லை, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதற்குத் தடை இல்லை. 2024 டிசம்பர் முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்துவிட்டார்கள். பையன்களுக்கு இதே மாதிரி தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள்: உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தால் இது கிடையாது. தொலைதூரக் கல்விக்கும் கிடையாது. படிப்பு தமிழ்நாட்டுக் கல்லூரியில் இருக்க வேண்டும் என்பதால், பெங்களூருக்குப் போனால் முதல் நாளே இந்த ஆயிரம் போய்விடும். நான்கு வருடத்துக்கு அது 48,000 ரூபாய். ஏஜென்ட் கேட்கும் அட்வான்ஸ் அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடுகிறது.

இரண்டாவது, 7.5 சதவீத ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-இலும் வந்தது. இதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. தனியார் கல்லூரியாக இருந்தாலும் கவுன்சிலிங் வழியாக இந்த ஒதுக்கீட்டில் போயிருந்தால் அப்படித்தான். இதற்கு மேல் மாதம் ஆயிரமும் வரும். அரசுப் பள்ளியில் படித்து, கணக்கும் அறிவியலும் எடுத்திருக்கிற பிள்ளை இந்த ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்காமல் விடுவதைப் போல மனசு வலிக்கிற விஷயம் வேறு இல்லை. தேவையான மார்க் எல்லோரும் பயப்படுகிற அளவுக்கு இருக்காது, ஏனென்றால் இங்கே போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான். தங்கைக்கு நர்சிங்தான் விருப்பம் என்றால் அதையும் தமிழ்நாடு மருத்துவக் கல்வி தேர்வுக் குழு நடத்துகிற கவுன்சிலிங்கில் முதலில் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட்டு வைப்பதில் எந்தத் தவறும் இல்லை.

பொறியியலுக்குப் போகிறாள், ஆனால் 7.5 ஒதுக்கீட்டில் நினைத்த பாடம் கிடைக்கவில்லை என்று வையுங்கள். அப்போது முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. 2010-11 முதல் நடப்பில் உள்ளது. குடும்பத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. நீங்கள் படித்தது டிப்ளமோ, பட்டம் அல்ல, அதனால் உங்களால் தங்கைக்குத் தடை வராது. தனியார் பொறியியல் கல்லூரியில் வருடத்துக்கு 25,000 ரூபாய் வரை படிப்புக் கட்டணத்தில் கழியும். இதற்கும் வருமான வரம்பு இல்லை, எந்த சமூகமானாலும் உண்டு. ஒரே நிபந்தனை, ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் வந்த இடமாக இருக்க வேண்டும். "இப்போது மேனேஜ்மென்ட்டில் சேர்ந்துகொள்ளுங்கள், ஃபர்ஸ்ட் கிராஜுவேட் வாங்கித் தருகிறோம்" என்று சில இடங்களில் சொல்வார்கள். நம்பாதீர்கள். அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கட்டணம் முழுதும் கட்டிய பெற்றோர் எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம் இங்கே உண்டு. தனியார் பொறியியல் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தைக் கவுன்சிலிங்குக்குக் கொடுக்க வேண்டும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம் கொடுத்தால் போதும். குமரியில் சிறுபான்மைக் கல்லூரிகள் அதிகம். ஆகவே வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரிதான் வேண்டும் என்று ஒன்றையே பிடித்துக்கொண்டு நின்றால் கவுன்சிலிங் இடம் குறைவாகத்தான் இருக்கும். விருப்பப் பட்டியலில் கோணத்தில் இருக்கிற அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியை மேலே போட்டு, திருநெல்வேலி, தூத்துக்குடி வரை நீட்டிப் போடுங்கள்.

கலை அறிவியல் படிப்புக்குப் போவதானால் கணக்கு வேறு. அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெற்கு திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கல்லூரி, அகஸ்தீஸ்வரம் விவேகானந்தா போன்ற நம்முடைய பழைய கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு விதமான வகுப்புகள் நடக்கும். ஒன்று அரசு சம்பளம் கொடுக்கிற எய்டட் பிரிவு, மற்றது செல்ஃப் பைனான்ஸ் பிரிவு. கல்லூரிப் பெயர் ஒன்று, பட்டம் கொடுப்பதும் அதே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்தான், ஆனால் கட்டணம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர், சீர்மரபினர் பிள்ளைகளுக்கு மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் அரசு தருகிற இலவசக் கல்விச் சலுகை அரசுக் கல்லூரிக்கும் எய்டட் பிரிவுக்கும்தான். அட்மிஷன் சமயத்தில் கவுன்டரில் இருப்பவரிடம் நேராகக் கேளுங்கள்: "இந்த சீட் எய்டடா, செல்ஃபா?" கேட்காமல் ரசீது வாங்கிவிட்டு அடுத்த மாதம் வந்து கேட்டால் மாற்றித் தர யாராலும் முடியாது. பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி கூட்டம் வருகிற பாடங்களில் எய்டட் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். தமிழ், வரலாறு, பொருளியல், தாவரவியல், விலங்கியல் போன்ற பாடங்களில் மார்க் கொஞ்சம் குறைந்த பிள்ளைக்கும் எய்டட் இடம் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். வரலாறு படித்து அரசுத் தேர்வு எழுதி வேலைக்குப் போனவர்கள் நம் ஊரில் ஏராளம். அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை.

உங்கள் சமூகம் எது என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர் என்றால் முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்கான உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாடார் சமூகத்தில் இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் மாநிலப் பட்டியலில் பிற்பட்டோர்தான். மதத்தால் இந்த உதவி மாறுவதில்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது, வரம்பு அதே இரண்டரை லட்சம். கட்டணத்தோடு பராமரிப்புப் படியும் சேர்ந்து வரும். வேறு மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் இதைக் கொடுக்க வேண்டும் என்பது இதில் உள்ள நல்ல அம்சம்.

குமரியில் பலர் தெரியாமல் இழப்பது இதைத்தான்: பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்களின் சாதிச் சான்றிதழில் பிற்பட்டோர் என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நேரே பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைக்கு விண்ணப்பம் போட்டுவிடுவார்கள். ஆனால் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு ஆதிதிராவிடர்களுக்குத் தருகிற அதே உதவித்தொகையைத் தமிழ்நாடு அரசு தன் சொந்தப் பணத்திலிருந்து தருகிறது. விண்ணப்பம் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறைக்குப் போக வேண்டும். தொகையில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு கிளார்க் தப்பான பெட்டியில் டிக் செய்ததால் ஒரு பெண் மூன்று வருடமும் குறைந்த தொகையே வாங்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். சான்றிதழில் "கிறிஸ்தவ ஆதிதிராவிடர்" என்ற வரி இருந்தால் கல்லூரி அலுவலகத்தில் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பேச்சிப்பாறை, கோதையாறு மேட்டில் இருக்கிற காணிக்காரர் குடியிருப்புப் பிள்ளைகள் பழங்குடிப் பட்டியலில் வருகிறார்கள். அவர்களுக்குச் சிக்கல் பணத்தில் இல்லை, சான்றிதழில். மற்ற சாதிச் சான்றுகளைத் தாசில்தார் அளவிலேயே கொடுத்துவிடுவார்கள், பழங்குடிச் சான்று மட்டும் கோட்ட அளவில் வர வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துக்கெல்லாம் அது பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகம். விசாரணை முடியக் காலம் பிடிக்கும். பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கும்போதே அதை வாங்கி வைத்தால்தான் பன்னிரண்டு முடிந்தவுடன் ஓட வேண்டி வராது.

மத்திய அரசின் உதவித்தொகைகள் எல்லாம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இருக்கின்றன. முதலில் அங்கே ஒருமுறைப் பதிவு செய்து நிரந்தர எண் வாங்க வேண்டும், செல்போனில் முகத்தைக் காட்டி உறுதி செய்யச் சொல்வார்கள். பிளஸ் டூவில் தங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்த பிள்ளைகளுக்கு வருடம் 12,000 ரூபாய் கொடுக்கிற திட்டம் ஒன்று உண்டு. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டப்படிப்பின் மூன்று வருடத்துக்கு 12,000, முதுகலைக்கு 20,000. ஆனால் வேறு எந்த உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்கினால் இது கிடையாது. ஆகவே புதுமைப்பெண்ணும் இலவசக் கல்வியும் வாங்குகிற உங்கள் தங்கைக்கு இதனால் லாபமில்லை. தனியார் பள்ளியில் படித்து நல்ல மார்க் வாங்கிய, ஆனால் வீட்டில் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்குத்தான் இது ஏற்ற வழி. அவர்களுக்குப் புதுமைப்பெண், 7.5 ஒதுக்கீடு போன்ற மாநில உதவிகள் இல்லாததால் இதை விடவே கூடாது.

பெண்கள் தொழில்நுட்பப் படிப்பில் முதல் வருடம் சேர்ந்தால், அல்லது டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் வருடம் சேர்ந்தால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வருடத்துக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. 40 சதவீதமோ அதற்கு மேலோ உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு அதே தொகையில் சக்ஷம், தாய் தந்தை இல்லாத பிள்ளைகளுக்கு ஸ்வநாத். பிரகதியில் சேருகிற வருடத்தை விட்டுவிட்டால் பிறகு உள்ளே வர வழியில்லை. நாகர்கோவிலைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருந்தும் பிரகதிக்கு விண்ணப்பிக்கிற பெண்கள் குறைவு. கல்லூரிகள் சொல்வதில்லை, பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

முதுகலைக்கும் அதற்கு மேலும் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசிய முதுகலை உதவித்தொகை மாதம் 15,000, வருடத்துக்குப் பத்து மாதம். கேட் தேர்வில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000. சிறுபான்மையினருக்கு மட்டுமாக இருந்த மௌலானா ஆசாத் ஆராய்ச்சி நிதி 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் அதை நம்பி இருப்பவர்கள் நெட் தேர்வுக்குத் தயாராவது நல்லது.

இனி அப்பா அம்மாவின் வேலை வழியாக வருவது. சிறிய தொகைகள்தான், ஆனால் உரிமைப் பணம். அண்டி ஆபீஸ் மாதிரி தொழிற்சாலையில் வேலை செய்கிற அம்மாவின் சம்பளத்தில் வருடத்துக்கு ஒரு முறை தொழிலாளர் நல நிதிக்குச் சிறு தொகை பிடிப்பார்கள். அந்தப் பிடித்தம் இருந்தால் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தில் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை கேட்கலாம். கொத்தவேலை, தையல், ஆட்டோ, பனைத் தொழில், கயிறு என்று இருந்தால் அது வேறு: அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள். அங்கே அப்பாவோ அம்மாவோ உறுப்பினராகப் பதிந்து, அட்டையைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். அட்டை காலாவதியாகிப் போனதுதான் பாதி விண்ணப்பங்கள் தள்ளுபடி ஆகக் காரணம். பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு ரப்பர் வாரியம் கல்வி உதவி தந்து வந்திருக்கிறது. அப்பாவின் தோட்ட முதலாளியிடமிருந்து வேலைச் சான்று கிடைக்குமா என்று பார்த்துவிட்டு மார்த்தாண்டத்தில் உள்ள வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். கடற்கரை ஊர்களில் மீனவர் நல வாரிய உறுப்பினர்களுக்கும் இதுபோல உண்டு. மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. தூத்தூர், இரயுமன்துறை பக்கத்துப் பிள்ளைகள் கேரளக் கல்லூரிகளை மட்டும் பார்க்காமல் அதையும் பார்க்கலாம். முன்னாள் ராணுவத்தினர் வீட்டுப் பிள்ளைகள் தொழிற்படிப்பில் சேர்ந்தால் பிரதமர் உதவித்தொகை பெண்களுக்கு மாதம் 3,000, பையன்களுக்கு 2,500. விவரம் நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கிடைக்கும்.

பணமாக வராத உதவியையும் கணக்கில் சேருங்கள். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினம் போய்வர முடியவில்லை என்றால் அரசு விடுதி இருக்கிறது. சாப்பாடு, தங்குவது இரண்டும் இலவசம். வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி பையன்களுக்குத்தான், பெண்களுக்கு அந்த விதி இல்லை. தனியார் ஹாஸ்டலுக்கு மாதாமாதம் கட்டுவதை மூன்று வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் எந்த உதவித்தொகையையும் விட இது பெரியது. அரசு விடுதி என்றால் நம் வீடுகளில் ஒரு தயக்கம் இருக்கிறது. நேரில் போய், அங்கே இருக்கிற பிள்ளைகளிடம் பேசிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

லோனுக்கு வருகிறேன். நான் கல்விக் கடனுக்கு எதிரி இல்லை. நல்ல கல்லூரியில், கவுன்சிலிங்கில் கிடைத்த இடத்துக்குக் கடன் வாங்கிப் படித்து முன்னேறிய குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் கடைசியாகத் தட்ட வேண்டிய கதவு அது. வங்கிகளின் பொதுவான திட்டத்தில் நான்கு லட்சம் வரை உங்கள் பங்குப் பணமும் வேண்டாம், சொத்து ஜாமீனும் வேண்டாம், அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால்தான் சொத்து கேட்பார்கள். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும், அதைத்தான் யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

ஒரு கணக்கு போடுகிறேன். நான்கு வருடப் படிப்புக்கு ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் ஒரு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. தவணை தொடங்கும் நாளில் நான்கு லட்சம் ஐந்து லட்சத்து நாற்பதாயிரமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். பிள்ளையின் முதல் சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துவிட்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

அந்த ஒன்றரை லட்சத்துக்கு அருகான வட்டியை மத்திய அரசே கட்டுகிற வழியும் இருக்கிறது. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் உள்ள நிறுவனத்தில் தொழிற்படிப்பு படித்தால் தவணைக்கு முந்தைய காலத்து வட்டி முழுதும் மானியம். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னால் உள்ள கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களுக்கு எட்டு லட்சம் வருமானம் வரை, பத்து லட்சம் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. இவை தானாக வராது. கடன் வாங்கும்போதே வருமானச் சான்றைக் கொடுத்து, வட்டி மானியத்துக்கு விண்ணப்பம் போட்டு, பதிவானதற்கு அத்தாட்சி வாங்க வேண்டும். ஏஜென்ட் வழியாகப் போகிற மேனேஜ்மென்ட் சீட்டை வங்கி சந்தேகத்தோடுதான் பார்க்கும். "லோன் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று ஏஜென்ட் சொன்னால், எந்த வங்கி, எந்தக் கிளை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்பா பழைய நகைக்கடனிலோ சுயஉதவிக் குழுக் கடனிலோ பாக்கி வைத்திருந்தால் அதுதான் தடையாக இருக்கும். முதலில் அதைத் தீர்த்துவிட்டுப் போவது நல்லது. காரணம் நியாயமில்லை என்று பட்டால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தாலும் அது அவரிடம்தான் வந்து சேரும், பதில் சொல்லியே ஆக வேண்டிய மனுவாக.

அரசுக்கு வெளியேயும் உதவி இருக்கிறது. ரிலையன்ஸ் அறக்கட்டளை ஆண்டுக்கு ஐந்தாயிரம் இளங்கலை மாணவர்களுக்குப் படிப்புக் காலம் முழுதுக்குமாக இரண்டு லட்சம் வரை கொடுக்கிறது, ஆன்லைன் திறனறித் தேர்வு எழுத வேண்டும். அகரம் அறக்கட்டளை அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரி வரை தாங்குகிறது. இவற்றைவிடப் பக்கத்தில் இருப்பது உங்கள் ஊர்க் கோயில் கமிட்டி, சர்ச்சின் சேகரம் அல்லது பங்கு, ஜமாஅத். கல்விக்கென்று ஒதுக்கிய சிறு நிதி பல இடங்களில் இருக்கிறது, கேட்பவர்களுக்குத்தான் தெரிகிறது. படிப்புக்காகக் கேட்பதில் குறைச்சல் எதுவும் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: உண்மையான எந்த உதவித்தொகையும் விண்ணப்பத்துக்கு முன்பணம் கேட்காது, போனில் ஓ.டி.பி.யும் கேட்காது.

காகிதம். இங்கேதான் மனிதர்கள் தோற்கிறார்கள். ரிசல்ட் வந்த பிறகு மாவட்டமே இ-சேவை மையத்தில் நிற்கும், கிராம நிர்வாக அலுவலர் மேசையில் விண்ணப்பம் குவிந்துவிடும். இந்த வாரமே வருமானச் சான்றுக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் விண்ணப்பியுங்கள். வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும். சாதிச் சான்றில் உள்ள பெயரும், ஆதாரில் உள்ள பெயரும், மார்க் ஷீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இன்ஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருந்தால்கூட இணையதளம் திருப்பி அனுப்பும். மத்திய அரசுக் கல்லூரிக்கோ நுழைவுத் தேர்வுக்கோ ஓ.பி.சி. என்று கேட்டால் நம் மாநில பி.சி. சான்று போதாது, அதற்குத் தனிச் சான்று உண்டு.

பிறகு வங்கிக் கணக்கு. தங்கையின் பெயரில் தனிக் கணக்காக இருக்க வேண்டும். ஆதார் அந்தக் கணக்கோடு இணைந்திருந்தால் மட்டும் போதாது, அரசுப் பணம் வருவதற்கான கணக்காக அது பதிவாகியிருக்க வேண்டும். வங்கியில் "டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா" என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். பள்ளியில் தொடங்கிய பழைய கணக்குக்குப் பணம் போய், அந்தக் கணக்கே முடங்கிக் கிடப்பதும் உண்டு. அஞ்சலகத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு தொடங்கினால் இது சுலபமாக முடிந்துவிடும்.

கல்லூரியில் சேர்ந்தவுடன் யூமிஸ் என்கிற கல்லூரி மாணவர் பதிவுத் தளத்தில் அவள் விவரம் ஏறியிருக்கிறதா, பள்ளியில் கொடுத்த எமிஸ் எண் (பள்ளி மாணவர் பதிவு எண்) சரியாக இருக்கிறதா என்று பொறுப்பாளரான பேராசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். புதுமைப்பெண், பிற்பட்டோர் உதவித்தொகை எல்லாம் இப்போது அந்தப் பதிவை வைத்துத்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டியவற்றை ஆகஸ்டிலேயே விசாரித்து வைக்கட்டும், கடைசி நாளில் சர்வர் வேலை செய்யாது.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்கிற வரிசை இது. ரிசல்ட் வந்ததும் பொறியியல், நர்சிங், அரசு கலைக் கல்லூரி மூன்றுக்கும் விண்ணப்பம் போடுங்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு எய்டட் கல்லூரியிலும் போட்டு வையுங்கள். 7.5 ஒதுக்கீட்டில் பிடித்த பாடம் கிடைத்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம். கிடைக்காவிட்டால் கவுன்சிலிங் நர்சிங். அதுவும் இல்லையென்றால் எய்டட் பிரிவில் அவளுக்குப் பிடித்த ஒரு பட்டம். இவற்றில் எதைப் படித்தாலும் உங்கள் சம்பளத்திலிருந்து பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் மட்டும் எடுத்தால் போதும் என்கிற நிலை வரும். பெங்களூர்க் கல்லூரியின் பெயரை எனக்கு அனுப்புங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அது இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். ஏஜென்ட் மறுபடி வந்தால், ஃபீஸ் விவரத்தைக் கல்லூரியின் லெட்டர் ஹெட்டில், சீலோடு எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்.